காந்தாரம் கொஞ்சம் தூக்கல்

"தம்பி, உங்க பியானோவுல காந்தாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார் அக்கா.

1996 ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். புரசைவாக்கத்தில் நான் குடியிருந்த மாடிப் போர்ஷன். பாக் எழுதிய ஒரு பிரிலூடை நான் வாசிக்க, அதன் மேல் கூனோ அமைத்த 'ஆவே மரியா'வை அவர் பாடிப் பார்த்த முதல் நாள். பாட்டு இன்னும் முதல் ஸ்வரத்தைத் தாண்டவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின வாரம்தான் ட்யூனர் வந்து அரை நாள் உட்கார்ந்து சுருதி கூட்டிவிட்டுப் போயிருந்தார். "சரியாத்தான் இருக்கு அக்கா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஷட்ஜத்தைப் பிடித்து, அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்குப் போய் நின்றார். நான் கட்டையை அழுத்தினேன். இரண்டும் உரசின.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வயலின் சார் ஒன்றும் சொல்லாமல் வில்லை எடுத்தார். அக்கா பாடிய காந்தாரத்தை வாசித்தார். பிறகு விரலை ஒரு மயிரிழை நகர்த்திப் பியானோவின் காந்தாரத்தை வாசித்தார். திரும்பவும் முதலாவது, திரும்பவும் இரண்டாவது. நாலைந்து முறை இப்படி மாற்றி மாற்றிக் காட்டிவிட்டு, "ரெண்டு பேரும் சரிதான். அதுதான் கஷ்டம்" என்றார்.

அன்றுவரை இருபது வருஷமாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வித்தியாசத்தை அன்றுதான் முதல்முறையாகக் காதால் கேட்டேன். கேட்ட பிறகு மறக்க முடியவில்லை.

நல்ல தம்புராவை மீட்டினால், ஷட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாகவே எழுந்து வரும். யாரும் வாசிக்காமல் கேட்பதால் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த காது அக்காவுடையது. பியானோவின் கதை வேறு. எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக அதில் பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். பஞ்சமம் அதில் அநேகமாகத் தப்பித்துவிட்டது. அடி வாங்கியது காந்தாரம்தான். இயற்கையான இடத்திலிருந்து ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே போய் நிற்கிறது. ஐரோப்பியக் காதுகள் அதற்குப் பழகிவிட்டன. கோவில்பட்டியில் ஆலயத்து ஹார்மோனியத்தில் கீர்த்தனை வாசித்து வளர்ந்த என் காதும் பழகியிருந்தது.

அக்காவின் குரு ஹார்மோனியத்தைத் தன் வீட்டு வாசல்படி ஏறவிட்டதில்லையாம். அவர் ஒருவர் மட்டுமல்ல. அகில இந்திய வானொலியே 1940 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் ஹார்மோனியத்தை உள்ளே விடாமல் வைத்திருந்தது. நிலையான ஸ்வரம் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்பதுதான் காரணம். அந்த வானொலியில் பாடி வந்த அக்கா, ஹார்மோனியத்தைவிடப் பத்து மடங்கு பிடிவாதமான ஒரு வாத்தியத்தின் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். அந்தத் துணிச்சல் எவ்வளவு பெரியது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

மூவரையும் சேர்த்தது வயலின் சார்தான். திண்டுக்கல்காரர், அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். பகலெல்லாம் சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வரிசையில் உட்கார்ந்து நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பார். சாயங்காலம் கச்சேரிகளில் பக்கவாத்தியம். காலையில் தாடைக்கடியில் இருந்த வயலின் மாலையில் கணுக்கால் மேல் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனி வயலின், தனித்தனிச் சுருதி. ஒன்றின் பழக்கம் மற்றதில் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உட்கார்ற விதம் மாறினா கை தானா மாறிடும் தம்பி" என்றார்.

குரல், வயலின், பியானோ என்று மூன்று பேர் சேர்வது நாங்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். அயர்லாந்துப் பாடகர் ஜான் மெக்கார்மக்கும் வியன்னாவின் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லரும் பியானோவோடு சேர்ந்து 1914-இல் கொடுத்த இசைத்தட்டுகளை யாரோ கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தார்கள். பிராகாவின் 'ஏஞ்சல்ஸ் செரனேட்' அதில் இருந்தது. கரகரவென்ற ஒலிக்கு நடுவில் குரல் ஒரு வரியை முடிக்கும் முன்பே வயலின் கீழிருந்து எழுந்து வந்து அதன் பக்கத்தில் நிற்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் சார் கேசட்டை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போடுவார்.

ஆவே மரியாவுக்கு வருகிறேன். அந்தப் பாட்டு உருவான விதமே எங்களைப் போன்ற மூவருக்கென்று அமைந்தது. பாக் 1722-இல் விசைப்பலகைக்கு மட்டும் எழுதிய பிரிலூட் அது. பாட்டும் இல்லை, மெட்டும் இல்லை, சங்கிலிபோலக் கோத்த ஸ்வரங்கள்தான். 131 வருஷம் கழித்து, 1853-இல், கூனோவின் மெட்டு அதன் மேல் வயலினில் வந்து அமர்ந்தது. ஜெபத்தின் சொற்களோடு குரல் வந்து சேர்ந்தது 1859-இல். பியானோவின் பாட்டனுக்காக எழுதியது முதலில், வயலின் அடுத்து, குரல் கடைசியில். எங்கள் வீட்டிலும் ஒத்திகை அந்த வரிசையில்தான் நடந்தது.

சுருதி விஷயத்தில் ஓர் அதிசயம் வாய்த்தது. அக்காவுக்கு ஐந்து கட்டை. பாக் எழுதியது சி-யில், அதாவது ஒரு கட்டையில். ஐந்து கட்டைக்காரருக்கு ஒரு கட்டை என்பது மத்திமம். "அப்போ இது எனக்கு மத்தியம சுருதிதானே!" என்று அக்கா முகம் மலர்ந்தது. கச்சேரியின் கடைசியில் தம்புராவை மாற்றிக் கூட்டிப் பாடுகிற அந்த இதமான சுருதியில் பாக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று நம் பாடகர்கள் சொல்கிற கணக்கே ஹார்மோனியக் கட்டைகளிலிருந்து வந்ததுதான். வாத்தியத்தை வாசலில் நிறுத்தியவர்கள்கூட அதன் அளவுகோலை உள்ளே வைத்திருந்தார்கள்.

ஆனால் சிக்கலும் அங்கேயே இருந்தது. அந்த மெட்டு தொடங்குவது காந்தாரத்தில். முதல் பார் முழுக்க அந்த ஒரு ஸ்வரத்தைத்தான் குரல் நீட்டிப் பிடிக்க வேண்டும். கீழே பியானோ ச க ப ச க ப ச க என்று எட்டு ஸ்வரத்தை இரண்டு முறை சுற்றும். எட்டில் மூன்று காந்தாரம், ஒரு பாருக்கு ஆறு. ஆறு முறை நான் அவர் காந்தாரத்தை இடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் போராடினோம். அக்காவிடம் ஏறிப் பாடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாக்கிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடவும் முடியாது. எடுத்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் ஒருநாள் சார் என் பக்கத்தில் வந்து நின்று, இடது கை ஷட்ஜத்தை ஊன்றிப் பிடிக்கச் சொன்னார். காந்தாரங்களை மட்டும் விரல் நுனியால் தொட்டுவிட்டு எடுக்கச் சொன்னார். பெடலைப் பாதி மட்டும். "இருக்கிறது தெரியணும், நிற்கக் கூடாது" என்றார்.

சொல்ல எளிது. ஐந்து விரலும் ஒரே கனத்தில் விழ வேண்டும் என்பதுதான் நான் சிறுவயதிலிருந்து கற்ற பாடம். அந்தப் பாடத்தை ஒரு விரலுக்கு மட்டும் மறக்கப் பழக இரண்டு மாதம் ஆயிற்று. தினமும் காலையில் அந்த ஒரு பாரை மட்டும் வாசிப்பேன். ஒருநாள் சாயங்காலம் அக்கா அந்த முதல் ஸ்வரத்தைப் பிடித்தார், நான் சுற்றினேன், உரசல் இல்லை. அவர் காந்தாரம் மேலே நிற்க, என்னுடையது அதன் நிழலில் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அக்கா நிறுத்தவில்லை. பாட்டு முழுக்கப் பாடி முடித்தோம். அந்த நாளைத்தான் நாங்கள் மூவராக ஆன நாள் என்று நினைக்கிறேன்.

என்னுடையது லண்டனில் செய்த பழைய அப்ரைட். பெரம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கியது. மழைக்காலத்தில் உள்ளே ஒரு பதினைந்து வாட் பல்பை எரியவிட்டு ஈரத்தை விரட்டுவேன். அப்ரைட் பியானோ சுவரைப் பார்த்துத்தான் நிற்கும். வாசிக்கிறவன் முதுகைத்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். கர்நாடக உருப்படி எடுக்கும்போது அக்கா தொடையில் தாளம் போடுவார், அது எனக்குத் தெரியாது. ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர்கள் பாடகர் குழுவைப் பார்க்க ஒரு கண்ணாடி வைத்துக்கொள்வார்கள். அதேபோல் முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைப் பியானோ மேல் சாய்த்து வைத்தேன். அதற்குள் அக்காவின் வலது கையும் சாரின் வில் முனையும் தெரியும். இரண்டு வருஷத்தில் கண்ணாடி தேவைப்படாமல் போயிற்று. அக்கா மூச்சை இழுக்கிற சத்தமே போதுமானதாகிவிட்டது.

கர்நாடகப் பக்கம் நான் செய்த தவறு வேறு மாதிரி. ஹம்சத்வனியில் 'வாதாபி' எடுத்தோம். ஐந்தே ஸ்வரம், எல்லாம் பியானோவில் இருக்கிறது, கமகமும் அதிகம் கழுத்தைப் பிடிக்காது என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கார்டு என்று நிரப்பி வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அக்கா இரண்டு சங்கதி பாடிவிட்டு நின்றார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா எனக்குப் போக இடமில்ல" என்றார். நிரவலுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கார்டு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்ததாம். அன்றிரவு அந்தத் தாளில் முக்கால்வாசியை அடித்தேன். கடைசியில் மிஞ்சியது கீழே ஷட்ஜமும் பஞ்சமமும், வரி முடிகிற இடங்களில் மட்டும் இரண்டு கார்டு. அக்கா ராகத்துக்குள் தாராளமாகப் போய் வந்தார். சார் அவரைத் தொடர்ந்து போவார். நான் வீட்டில் விளக்கு ஏற்றி வைத்துக் காத்திருப்பேன்.

தோடியை நாங்கள் தொடவே இல்லை. நான்தான் ஒருமுறை ஆசைப்பட்டுக் கேட்டேன். அக்கா தோடியின் காந்தாரத்தைப் பாடிக் காட்டினார். ரிஷபத்திலிருந்து எழுந்து மத்தியமத்தைத் தொட்டு அசைந்துகொண்டே இருந்தது. "இதுல எந்தக் கட்டை காந்தாரம்னு சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் இல்லை. இரண்டு சங்கீதமும் எங்கும் கலக்கும், எதுவும் எதோடும் சேரும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காந்தாரம்தான் ஞாபகம் வரும். சேராத இடத்தைச் சேராது என்று விட்டதால்தான், சேர்ந்த இடங்கள் எங்களுக்கு உண்மையாக இருந்தன.

எனக்கு நெஞ்சோடு நிற்கிற பாட்டு பாக்கின் மத்தேயு பாடுகளில் வருகிற 'எர்பார்மெ டிஷ்'. இரங்கும் என்று பொருள். 1727-இல் லைப்சிக் தோமா ஆலயத்தில் முதலில் ஒலித்தது. தாழ்ந்த பெண் குரலுக்கும் தனி வயலினுக்கும் எழுதியது, அக்காவின் குரலுக்குப் பாங்காக அமைந்தது. எந்தச் சூழலில் வருகிற பாட்டு என்று கேட்டார். பேதுரு மூன்று முறை இயேசுவை அறியேன் என்று மறுதலித்ததையும், சேவல் கூவியதையும், வெளியே போய் மனங்கசந்து அழுததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதல்ல அழறது வயலின்தான், இல்லையா? இவர் அப்புறம்தான் வாயைத் திறக்கிறார்" என்றார். ஆலயத்திலேயே வளர்ந்த எனக்கு அதுவரை தோன்றாதது அது. அந்தப் பாட்டில் வயலின் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பாக் எழுதி வைத்த சின்ன வளைவுகளை சார் வாசிக்க, அக்கா அதை ஜாரு என்றே புரிந்துகொண்டு பாடினார். பன்னிரண்டு எட்டுத் தாளத்தில் நான் கீழே மெல்ல நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டு மாடியில் அதை வாசித்த சில சாயங்காலங்களுக்கு ஈடாக எந்தக் கச்சேரியையும் சொல்ல மாட்டேன்.

கச்சேரிகள் மொத்தமே பதினொன்று. 1999-இல் ஓர் அரங்கத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே கிராண்ட் பியானோ இருந்தது. திறந்து பார்த்தால் பல வருஷமாக யாரும் சுருதி கூட்டவில்லை. மொத்தமாகவே இறங்கிக் கிடந்தது. சார் பிருடைகளைத் தளர்த்தி அதற்குச் சமமாக இறங்கி வந்தார், அக்கா சுருதிப் பெட்டியைத் திருகினார். அந்தப் பதற்றத்தில் இருந்த நான், ஆவே மரியாவின் நடுவில் ஒரு பாரைத் தாண்டிவிட்டேன்.

கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. பாக் எழுதியது 35 பார். பின்னால் ஹாம்பர்க்கின் ஷ்வெங்கே என்பவரின் பிரதியில் நடுவே ஒரு பார் கூடிவிட்டது. கூனோ கையில் கிடைத்தது அந்த 36 பார் பாடம். அவர் மெட்டு அந்த அதிகப்படியான பாரின் மேலும் போகிறது. நான் சிறுவனாக மனப்பாடம் செய்தது பாக்கின் அசல். தாள் முன்னாலிருந்தும் விரல் பழைய வழியில் போய்விட்டது. அக்கா ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறார், அடியில் தரை நகர்ந்துவிட்டது. அந்தக் கணத்தில் சார் அடுத்த ஸ்வரத்தை வில்லால் அழுத்தி முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தார். அக்கா மூச்சு மாறாமல் அதற்குப் போனார். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேடை இறங்கிய பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். சார் என் தாளை வாங்கி, அந்த ஒரு பாரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

2002-இல் மூவரும் எட்டயபுரம் போனோம். என் சொந்த ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் காலமானது அங்கே. நினைவிடத்தில் பாட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் விருப்பம். சாருக்கு வேறொரு காரணம் இருந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசாமி, குடும்பம் மணலியில் இருந்த நாளில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். "எங்க தாத்தா ஊரு இது" என்றார் சார்.

தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்பார்கள், எல்லாம் சங்கராபரணம். அதில் 'சியாமளே மீனாக்ஷி', குழந்தைகள் ட்விங்கிள் ட்விங்கிள் பாடுகிற அதே மெட்டு. மொசார்ட் அந்த மெட்டை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு வேரியேஷன் எழுதியிருக்கிறார். தீட்சிதர் திருவாரூரில் பிறந்தது 1775 மார்ச்சில். அதற்கு அடுத்த மாதம் சால்ஸ்பர்க்கில் பத்தொன்பது வயது மொசார்ட்டின் ஓப்பரா ஒன்று மேடையேறியது, அதிலும் குரலோடு தனி வயலின் இழைந்து போகிற பாட்டு ஒன்று உண்டு. இந்த இருவரையும் ஒரே மெட்டில் உட்கார வைக்க ஒரு வருஷமாக நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். அக்கா சாகித்தியம் பாடுவார், பிறகு ஒவ்வொரு வேரியேஷனையும் மூவருக்கும் பிரிப்போம். மூன்றாவதும் நான்காவதும் திஸ்ரத்தில் ஓடும். அதில் அக்கா ஸ்வரம் பாடினார். ஐந்தாவதில் எதிர்த்தட்டு.

நினைவிடத்தில் பியானோ ஏது? நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா 'சியாமளே மீனாக்ஷி' பாடினார், சார் கூடவே வாசித்தார். பாட்டு முடிந்ததும் வழக்கமாக நான் முதல் வேரியேஷனை ஆரம்பிக்க வேண்டும். என் விரல்கள் முழங்கால் மேல் நகர்ந்தன. சார் என்னைப் பார்த்தார். கணுக்கால் மேல் இருந்த வயலினிலேயே என் வலது கை வாசிக்கிற ஓட்டத்தை ஆரம்பித்து, கடைசி ஸ்வரம்வரை வாசித்தார். என் பாகத்தை அவர் எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து, பாலுசாமியின் ஊரில், மொசார்ட்டின் பியானோ பாகத்தை ஒரு கர்நாடக வயலினில் கேட்டேன்.

2004-இல் சார் போய்விட்டார். அதற்கு முன்பே ஸ்டுடியோக்களில் வயலின் வரிசைகள் குறைந்து, அந்த வேலையைக் கீபோர்டுகள் எடுத்துக்கொண்டிருந்தன. அக்கா மகளோடு பெங்களூர் போனார். இப்போது பாடுவதில்லை, ஃபோனில் பேசுவார். போன மாதம் பேசும்போது எட்டாவதைப் பற்றித்தான் கேட்டார். எட்டாவது வேரியேஷன் மைனருக்குப் போகிறது. காந்தாரம் இறங்கி சாதாரண காந்தாரமாகிவிடும். "அதைப் பாடணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன் தம்பி" என்றார்.

நாங்கள் முடித்து வைத்தது ஐந்து. மீதி ஏழு அப்படியே இருக்கின்றன. மூவருக்கும் பிரித்து எழுதிய நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பியானோவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுருதி கூட்டுகிறேன். பாடத் தெரிந்த ஒருவரும் வயலின் தெரிந்த ஒருவரும், இளையவர்கள், ஆறாவதிலிருந்து தொடரலாம் என்று வந்தால், புரசைவாக்கத்தில் அதே மாடியில்தான் இருக்கிறேன். வாருங்கள்.